எதிர்வீட்டுப் பயணம்

அந்த ஊரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இடம் எது என்று டீச்சரைக் கேட்டால் யோசிக்கவே மாட்டாள். "எதிர்வீடு" என்பாள்.

உண்மைதான். விமானம் ஏறினால் காலைக் காப்பி ஒரு நாட்டில், மாலை டீ இன்னொரு நாட்டில் என்று போய்ச் சேர்ந்துவிடலாம். எதிர்வீட்டுக்கு அப்படி வசதி எதுவும் கிடையாது. நடுவில் தெரு இருந்தது. அகலத்தைப் பார்த்தால் அது ஒரு தெருவே இல்லை; இந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கத்துக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊரின் இரண்டு பெரிய சாலைகளைச் சிக்னல் இல்லாமல் சேர்க்கிற ஒரே குறுக்குவழி அது. பொழுது விடிந்தால் போதும், காரும் வேனும் லாரியும் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு ஓட ஆரம்பித்துவிடும். நடுநடுவே பைக்குகள், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. அந்தத் தெருவைத் தாண்டக் கிளம்பிய தபால்காரர் ஒருவர் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது ஓய்வே பெற்றுவிட்டார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஓய்வுக்கு இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது.

அந்த எதிர்வீட்டில்தான் டீச்சரின் அக்கா இருந்தாள்.

அக்காவும் தங்கையும் வெகுநாள் மாடி வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். இரண்டு பால்கனிக்கும் நடுவில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் கப்பி, கயிற்றில் ஒரு தூக்குவாளி. அக்கா சூப் வைத்தால் இந்தப் பக்கம் வரும். டீச்சர் பேப்பர் படித்து முடித்தால் அந்தப் பக்கம் போகும். ஒரு நாள் உயரமான லாரி ஒன்று கயிறு, கப்பி, வாளி, சூப் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. லாரி டிரைவர் அடுத்த ஊரில் நிறுத்திப் பார்த்தபோதும் சூப் சூடாகவே இருந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு போன்தான். அவரவர் பால்கனியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, காதில் போனை வைத்துக் கத்துவார்கள்.

டீச்சர் என்றதும் கரும்பலகையையும் சாக்பீஸையும் நினைத்துவிட வேண்டாம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டீச்சர். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த எல்லாரும், ஒன்று அவளிடம் கற்றவர்கள், இல்லாவிட்டால் அவளிடம் கற்றவரிடம் கற்றவர்கள். இடதுபக்க சீட்டில் ஒரு மலை மாதிரி உட்கார்ந்திருப்பாள். வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டாஷ்போர்டை இரண்டு முறை அறைவாள். டம்! டம்! "நில்லு!" அடுத்த நொடி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியாக வேண்டும். குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்ன செய்வாய் என்பதற்கான பாடம் அது. நிறுத்தாதவர்களுக்கு அன்றைக்கு முழுக்க அர்ச்சனை. ஹாரன் அடித்தாலும் அர்ச்சனைதான். "ஹாரன் என்ன உன் வாயா, எப்பப் பாத்தாலும் தொறக்கிறதுக்கு?" என்பாள். கண்ணாடி பார்க்காமல் திரும்பியவர்கள் கதையை இங்கே சொல்ல வேண்டாம். அவர்களில் சிலருக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள், மரியாதை போய்விடும். ஊர் அவளுக்கு வைத்த பெயர் நில்லு டீச்சர்.

அக்கா தையல்காரி. உட்கார்ந்து உட்கார்ந்து மிஷின் மிதித்ததில் இடுப்பு எலும்பு தேய்ந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது கையில் ஒரு ஊன்றுகோல். இடுப்புதான் தேய்ந்தது, நாக்கு தேயவில்லை.

ஒரு காலை அக்கா பால்கனிக்கு வந்து போனை எடுத்தாள்.

"அடியே, அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வர்றான்."

அவன் என்றால் அக்காவின் ஒரே மகன். இன்னொரு ஊரில் வேலை.

"வரட்டுமே. நல்ல விஷயம்தானே?"

"சும்மா வரல. என்னைக் கூட்டிட்டுப் போக வர்றான். இனிமே அவன்கூடத்தான் இருக்கணுமாம். எட்டாவது மாடி, லிப்ட் இருக்காம். ஜன்னலைத் தொறந்தா மேகம் தெரியுதாம்."

"மேகத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? சட்டை தைக்கப் போறியா?"

"இங்க இருந்து மட்டும் என்ன பண்றேன்? வாசல்ல இறங்க முடியுதா? உன் வீட்டுக் கதவு என்ன கலர்னு கிட்ட வந்து பாத்து எத்தனை நாளாச்சு?"

"பச்சை."

"அது எனக்கும் தெரியுது. கிட்ட வந்து பாக்கணும்னு சொல்றேன்." நடுவில் ஒரு லாரி போனது. அது போகும்வரை அக்கா காத்திருந்தாள். "ஊரையே இந்த வழியா ஓட்டிப் பழக்கினவ நீதானே? 'கடைசிப் பாடம், குறுக்குவழி'ன்னு ஒவ்வொருத்தனையும் நம்ம வாசல் வழியா கூட்டிட்டு வந்தியே, இப்ப அனுபவி."

டீச்சர் பால்கனிக் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"சரி, ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் அக்கா, குரலைக் கொஞ்சம் இறக்கி. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு தடவை, நான் தனியா, யார் கையையும் பிடிக்காம, இந்தத் தெருவைத் தாண்டி வந்து உன் வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டேன்னா, இங்கேயே இருந்துடுறேன். முடியலன்னா மேகத்துக்குப் போறேன். அப்புறம் அழக் கூடாது."

"நான் எதுக்கு அழறேன்?" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே வந்து, வெங்காயம் நறுக்கவே நறுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய் தீர்ந்தாலும், ஊசி தொலைந்தாலும், கெட்ட கனவு வந்தாலும் முதலில் எதிரே பார்த்துப் பழகிய கண் அது. அந்த ஜன்னல் காலியாக இருந்தால் காலையில் எழுந்து யாரைத் திட்டுவது?

அக்கா சொன்னதோடு நிற்கிற ஆள் இல்லை. மறுநாளே ஊன்றுகோலோடு வாசலில் இறங்கிவிட்டாள். டீச்சர் கேட்டைத் திறக்க வந்தபோது அக்கா நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் வேன். மறுபக்கம் வெள்ளைக் கார் ஒன்று, டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டு காற்றாய் வருகிறான்.

டீச்சர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரும்புக் கேட்டை இரண்டு முறை அறைந்தாள்.

டம்! டம்! "நில்லு!"

வெள்ளைக் கார் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. வேன் நின்றது. வேனுக்குப் பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. இரண்டு பைக்குக்காரர்கள் காலை ஊன்றிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். பக்கத்துத் தெருவில் போன பஸ்கூட நின்றதாகவும், கண்டக்டர் "ஏன்யா நிறுத்தின?" என்று கேட்டதற்கு டிரைவர் "தெரியல, காலு தானா மிதிச்சிடுச்சு" என்று சொன்னதாகவும் பிறகு தெரியவந்தது.

அந்த அமைதியில் அக்கா டக் டக்கென்று நடந்து வந்து கேட்டைப் பிடித்தாள்.

"வந்துட்டே அக்கா! வந்துட்டே!" டீச்சர் குதிக்காத குறை. "உள்ள வா, டீ போடறேன்."

"எதுக்கு? இது செல்லாது."

"ஏன் செல்லாது?"

"நீ கத்தித்தானே நின்னாங்க? அது என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரிதான். நாளைக்கு நீ தூங்கிட்டு இருக்கும்போது எனக்கு உப்பு வேணும்னா? திரும்ப ஒருதரம் தட்டு, நான் வீட்டுக்குப் போறேன்."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைத் தட்டினாள். அக்கா திரும்பிப் போனாள். டீ வைக்காத அடுப்பைப் பார்த்தபடி டீச்சர் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு நேராக நகரசபை ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அங்கே ரோடு இன்ஜினியர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, இல்லாத சீட் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். அவரும் பழைய மாணவர்தான். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். ஓட்டத் தெரியாமல் இல்லை, வாய் நிற்காமல். "இது என்ன போர்டு?" என்று பரீட்சை அதிகாரி கேட்டால், போர்டின் பெயர், அதை யார் வைத்தார்கள், ஏன் அந்த நிறம், அதைவிட நல்ல இடம் எது என்று பாடமே நடத்திவிடுவார். கடைசியில் டீச்சர் அவர் காதைத் திருகாத குறையாகச் சொல்லிக்கொடுத்தாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." நான்காவது முறை பாஸ்.

"தம்பி, வண்டி அதிகமா போற தெருவுல நடுவுல செடி வைக்கிற பெரிய சிமென்ட் தொட்டி வெச்சு அடைக்கிறீங்களாமே? நடக்கிறவங்களும் சைக்கிளும் மட்டும் போற மாதிரி?"

"ஆமா டீச்சர்."

"எங்க தெருவுக்கும் வைப்பியா?"

"வண்டி அதிகமா போகுதுன்னு தெரிஞ்சா மேல அனுப்பிக் கேக்கலாம் டீச்சர். நாளைக்கே ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் டியூப் போடறேன். சக்கரம் ஏறினா அது கணக்கு எடுத்துக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துடுவேன்."

"அவ்வளவுதானா?"

"நீங்க கேட்டதுக்கு அவ்வளவுதான் டீச்சர்."

மறுநாள் டியூப் வந்தது. கறுப்புப் பாம்பு மாதிரி தெருவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. டீச்சர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். அதோடு வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கையில் ஒரு கேட் இருக்கிறது, அடித்தால் ஊரே நிற்கிறது என்று தெரிந்த பிறகு எந்த மனுஷி வீட்டுக்குள் உட்காருவாள்?

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கேட்டருகே போட்டாள். வேகமாக வந்த முதல் காருக்கு டம் டம். நின்றது. டீச்சர் எழுந்து போய் ஜன்னலில் குனிந்தாள்.

"கண்ணாடியைப் பாத்தியா?"

உள்ளே பேங்க் மேனேஜர். பக்கத்தில் மனைவி. பின்சீட்டில் மாமனார். "பா... பாத்தேன் டீச்சர்."

"பாத்தவன் ஏன் பின்னாடி ஒட்டிட்டு வர்ற பைக்கைப் பாக்கல? அன்னைக்கும் இதே பதில்தான். தலை நரைச்சது, புத்தி நரைக்கல. போ."

மாமனார் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு. மேனேஜருக்கு அன்றோடு அந்தக் குறுக்குவழி வெறுத்துப்போனது. அடுத்து ஒரு வக்கீல், அடுத்து ஒரு பல் டாக்டர். கல்யாண வரன் பார்க்கப் போன வாலிபன் ஒருவன், பெண் வீட்டாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே "கிளட்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். ஊர் முழுக்கச் செய்தி பரவியது. சிக்னலில் அரைமணி நேரம் காய்ந்தாலும் பரவாயில்லை, நில்லு டீச்சர் வாயில் விழக் கூடாது என்று எல்லாரும் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள்.

இரண்டே நாளில் தெரு வெறிச்சென்று ஆனது. வெயில் வந்து தெருவில் கால் நீட்டிப் படுத்தது. ஒரு பூனை நடுத்தெருவில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டது. அதற்குமுன் அந்த இடத்தில் உட்கார்ந்த பூனை உயிரோடு எழுந்ததாக யாருக்கும் நினைவில்லை.

"இப்ப வா அக்கா!" என்று டீச்சர் போனில் அழைத்தாள்.

"நீ ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கியா?"

"ஆமா."

"அப்ப செல்லாது."

தெருமுனையில் பூட்டுக்கடை வைத்திருந்தவருக்கோ வயிறு எரிந்தது. ஊர் அவரைப் பூட்டு என்றே கூப்பிடும்.

"டீச்சர், வண்டி வராட்டி என் கடைக்கு யார் வருவா? பூனையா பூட்டு வாங்கப் போகுது?"

"இத்தனை நாளா வண்டி வந்துச்சே, அதுல எத்தனை பேர் இறங்கி உங்க கடைக்கு வந்தாங்க?"

பூட்டு யோசித்தார். "டயர் பஞ்சரானவங்க வருவாங்க," என்றார், சுருதி இறங்கி.

புதன்கிழமை இன்ஜினியர் டியூபைப் பார்க்க வந்தார். பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க தெருவுல வண்டியே போகல."

"என்ன சொல்ற?"

"நேத்தும் இன்னைக்கும் பால் வண்டி, இரண்டு சைக்கிள், பூட்டு அண்ணனோட ஸ்கூட்டர். இதை வெச்சுக்கிட்டு வண்டி அதிகமா போற தெருன்னு நான் எப்படி மேல அனுப்புறது?"

"டேய், வண்டியை நிறுத்தினதே நான்தான்டா!"

"அப்ப பிரச்சினை தீர்ந்துச்சே டீச்சர்."

"வாழ்க்கை முழுக்க ஸ்டூல்லயே உட்கார்ந்திருக்க முடியுமா? நான் உள்ள போனதும் எல்லாம் திரும்ப வந்துடும். வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி வந்தா?"

"வந்தா டியூப் எடுத்துக்கும் டீச்சர்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இன்ஜினியர் போய்விட்டார். டீச்சர் ஸ்டூலைத் தூக்கி உள்ளே போட்டாள். ஒரு நாள் காத்திருந்தாள். வியாழக்கிழமையும் தெரு வெறிச்சென்றுதான் இருந்தது. பயம் என்பது வந்த வேகத்தில் போகிற சரக்கு இல்லை. கையால் விரட்டியதைக் கையாலேயே கூப்பிட வேண்டியதுதான் என்று போனை எடுத்தாள்.

"ஹலோ, டீச்சர் பேசறேன்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. "சீட் பெல்ட் போட்டிருக்கேன் டீச்சர்!" என்றார் பல் டாக்டர்.

"கார்லயா இருக்க?"

"இல்ல டீச்சர். வீட்டுல. சோபாவுல."

அடுத்தது பேங்க் மேனேஜர். "டீச்சர், சத்தியமா சொல்றேன், அந்தப் பக்கம் நான் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்ல."

"அதான் பிரச்சினை. நாளைக்கு சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் எங்க தெரு வழியா வா."

"எதுக்கு டீச்சர்?"

"வான்னா வா."

"திட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"அதுதான் டீச்சர் பயமா இருக்கு."

இப்படியே சாயங்காலம் வரைக்கும் போன். காது சூடாகி, அதில் முட்டை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும் என்ற நிலை. ஊரில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். மீதிப் பாதியை அந்தப் பாதி கூப்பிட்டுவிட்டது. எல்லாரிடமும் டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஆபீஸ் விட்டதும் வா. ஊரில் எல்லா ஆபீசும் ஒரே நேரத்தில்தான் விடும் என்பது அவள் மனதில் படவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கார் கிழக்கு முனையில் தலைகாட்டியதும் டீச்சர் பால்கனியிலிருந்து கைதட்டிச் சிரித்தாள். கூடவே மேற்கு முனையில் ஒன்று. பிறகு இரண்டு பக்கமும் சரம் சரமாக. டீச்சர் கூப்பிட்டு வராமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று வக்கீல் கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தார். வரன் பார்த்த வாலிபன் பெண்ணையே கூட்டி வந்திருந்தான், நிச்சயமாகிவிட்டதாம். ஒரு சிமென்ட் லாரி, ஒரு ஐஸ்கிரீம் வேன், ஓட்டப் பழகுகிறவர் கார் ஒன்று. இரண்டு பக்க வரிசையும் நடுத்தெருவில் முகத்தோடு முகம் முட்டி நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது, கதவைக்கூட முழுக்கத் திறக்க முடியாது. ஊர் ஒரு போத்தல் என்றால் அதன் தக்கை அந்தத் தெரு.

டியூப் மேல் சிமென்ட் லாரியின் பின்சக்கரம் ஏறி, ஏறினபடியே உட்கார்ந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் ஹாரன் சத்தத்தில் கூரை பறந்திருக்கும். இங்கே யாருக்குத் தைரியம்? மேலே டீச்சர் நிற்கிறாள். எல்லாரும் ஹாண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்து, கையை ஸ்டியரிங்கில் ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெரு முழுக்க வண்டி. ஒரு ஈ பறந்தால் கேட்கும்.

கிழக்கு முனையிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. "சித்தி! சித்தி! என்ன இது?"

அக்காவின் மகன். காரின் கூரையில் காலி அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவை அள்ளிக்கொண்டு போக வந்தவன், ஐஸ்கிரீம் வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை முடியப்போகிறது. அக்கா தாண்டவே இல்லை. தெருவையும் இவளே அடைத்து வைத்திருக்கிறாள். பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி எதிரே பார்த்தாள். அக்கா ஜன்னலில் இல்லை.

அக்கா வாசலில் நின்றாள்.

கையில் ஊன்றுகோல். தெருவை இடமும் வலமும் பார்த்தாள். டீச்சர் கற்றுக்கொடுத்த மாதிரி, இரண்டு தடவை. பிறகு இறங்கினாள். பேங்க் மேனேஜர் காருக்கும் பல் டாக்டர் காருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். மேனேஜர் பயத்தில் ஹாண்ட் பிரேக்கை இன்னொரு தடவை இழுத்தார்.

"நகராதே," என்றாள் அக்கா.

"நகர முடிஞ்சா நகர மாட்டேனாம்மா," என்றார் மேனேஜர்.

டீச்சர் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கம்பியை அறையத் தூக்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான்: சும்மா நின்றது.

அக்கா வக்கீல் காரின் பானெட்டில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். அந்த நிச்சயமான பெண்ணைப் பார்த்து, "ஜாக்கெட் தோள்ல பிடிக்குது பாரு, திங்கக்கிழமை கொண்டா" என்றாள். லாரியைச் சுற்றினாள். ஒரு பைக்கின் கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

"அம்மா!" என்று மகன் கத்தினான். "அங்கேயே நில்லும்மா! நான் வர்றேன், கையைப் பிடிச்சுக்கோ!"

அக்கா ஊன்றுகோலை அவன் பக்கம் நீட்டினாள். "கிட்ட வந்தே, முட்டி பேந்துடும். நான் டீ குடிச்சிட்டு வர்றேன், நீ அங்கேயே உட்காரு."

வேறு வழி? கதவு திறந்தால்தானே இறங்குவதற்கு?

டீச்சர் மாடிப்படியில் இறங்கி வந்த வேகத்துக்கு அபராதம் போட்டிருக்க வேண்டும். கேட்டைத் திறப்பதற்குள் அக்காவே திறந்துவிட்டாள். பச்சைக் கதவைக் கிட்ட வந்து பார்த்தாள்.

"பச்சை இல்லடி இது. பாசி கலர்."

"செல்லுமா அக்கா?" டீச்சர் கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள். "நான் தட்டவே இல்ல. வாயே திறக்கல."

"அதுதான் அதிசயம். செல்லும். டீயைப் போடு."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே தெரு மெல்ல மெல்லத் திருவிழாத் தெரு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் வழியாக இறங்க முடிந்தவர்கள் இறங்கினார்கள். ஐஸ்கிரீம் வேன் காலியானது. சும்மா நிற்பானேன் என்று ஆட்கள் பூட்டுக்கடைக்குள் நுழைந்தார்கள். வீட்டில் நாதாங்கி ஆடுவது, பீரோ சாவி தொலைந்தது எல்லாம் அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. பூட்டுக்கு வியர்த்து ஒழுகியது. கல்லாவை மூட நேரமில்லாமல், கூட்டத்தின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"டீச்சர்! இவங்களை இப்படியே இறக்கி நடக்க விடுங்க! தொட்டியை நானே தூக்கிட்டு வந்து வைக்கிறேன்!"

இன்ஜினியர் நகரசபை ஜீப்பை மேற்கு முனையில் விட்டுவிட்டு, வண்டிகளின் நடுவில் நெளிந்து வளைந்து டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டையில் ஐஸ்கிரீம்.

"டியூப் என்ன சொல்லுது தம்பி?" டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாயங்காலக் கணக்கு பூஜ்யம் டீச்சர். ஒரு வண்டியும் தாண்டல. லாரி அது மேலேயே உட்கார்ந்திருக்கு."

டீச்சர் நாற்காலியில் சரிந்தாள். "அப்ப அதிகமா போற தெருன்னு அனுப்ப முடியாது."

"முடியாது டீச்சர்."

"தொட்டி வராது."

"வரும் டீச்சர்."

அடுப்படியில் டீ பொங்கி வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"என்னடா சொல்ற?"

"அதிகமா வண்டி போற தெருவை அடைக்கணும்னாதான் மேல அனுப்பணும், கூட்டம் போடணும், ஆறு பேர் கையெழுத்து வேணும். வண்டி போகாத தெருவை அடைக்க என் கையெழுத்தே போதும். புதன்கிழமை கணக்கே போதுமா இருந்துச்சு. திங்கக்கிழமை தொட்டி வந்துடும்."

"புதன்கிழமையேவா?" டீச்சர் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. "அதை அன்னைக்கே சொல்லித் தொலையறதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையே டீச்சர்." இன்ஜினியர் அசடு வழியச் சிரித்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு நீங்கதானே..."

அக்கா சிரித்த சிரிப்பில் டம்ளர் குலுங்கி, ஊன்றுகோல் கீழே விழுந்து, ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை ஓடிப்போனது.

வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து வெளியேறவே நெடுநேரம் பிடித்தது. மகன் அன்றிரவு அம்மா வீட்டில் தங்கி, மறுநாள் காலி அட்டைப்பெட்டிகளைக் கூரையில் வைத்தபடியே திரும்பினான். "சித்தி, அடுத்த தடவை போன் பண்ணிட்டு வர்றேன்" என்றான். "இல்ல, நடந்தே வா" என்றாள் டீச்சர்.

திங்கட்கிழமை தொட்டிகள் வந்தன. யானைக்குக் குளிக்கத் தண்ணீர் வைக்கலாம், அவ்வளவு பெரியவை. நடுவில் ஆம்புலன்ஸ் போக வேண்டி வந்தால் கழற்றுவதற்காக ஒரு இரும்புக் கம்பம். அதற்குப் பூட்டு, பூட்டு உபயம். இரண்டு பக்கமும் தெருக்காரர்கள் வண்டி அவரவர் வாசல் வரை வரும், போகும். குறுக்கே ஓட மட்டும் முடியாது. தொட்டியில் என்ன செடி வைப்பது என்று அக்காவும் தங்கையும் சண்டை போட்டு, ஆளுக்கு ஒரு தொட்டியைப் பிரித்துக்கொண்டார்கள்.

இப்போது டீச்சருக்கு ஒரே ஒரு குறை. அக்கா வருகிறாள். காலையில் வருகிறாள், மத்தியானம் வருகிறாள், டீச்சர் கண் அசரும்போது சரியாக வருகிறாள். வந்து டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். திரைச்சீலை ஓரம் பிரிந்திருக்கிறது என்கிறாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்கிறாள். எதிர்வீடு உலகத்திலேயே தூரமான இடமாக இருந்த காலத்தில் கிடைத்த நிம்மதியை டீச்சர் சில சமயம் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் ஒரு நாள் காலை அக்கா வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்துவிடுகிறாள்.

அக்கா கூப்பிடுவதில்லை. ஊன்றுகோலால் இரும்புக் கேட்டை இரண்டு முறை அறைவாள், அவ்வளவுதான்.

டம்! டம்!

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் டீச்சரின் வலதுகால், அவளைக் கேட்காமலே, மேஜைக்கு அடியில் தரையை ஓங்கி மிதிக்கும். டீ டம்ளர் தெறித்து மடியில் கொட்டும்.

"நில்லுக்கா, வந்துட்டேன்!" என்பாள், புடவையை உதறிக்கொண்டே.